எங்கள் கணக்கில் விழுந்த ஐந்தாம் திருவிழா

எங்கள் வங்கிக் கணக்கின் எண்ணுக்கும் அண்ணையின் கணக்கு எண்ணுக்கும் கடைசி இலக்கத்தில் மட்டும்தான் வித்தியாசம். எண்பதுகளின் நடுவில் ஒரு மழை நாளில், லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த வங்கிக் கிளையில், ஒரே மேசையில் ஒருவர் பின் ஒருவராக அந்த இரண்டு கணக்குகளையும் திறந்தோம். படிவங்களை நிரப்பியவள் நான். எண்கள் கைக்கு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கூடப்பிறந்த பிள்ளைகள் மாதிரி இருக்கிறது என்று அண்ணையிடம் சொல்லிச் சிரித்தவளும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எங்காவது எனக்குத் தெரியாது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது.

அண்ணை எங்களுக்கு உறவில்லை. ஊரில் தமிழருக்கு எதிரான கலவரம் முடிந்த கையோடு லண்டனுக்கு வந்து, யாரோ விலாசம் கொடுக்க எங்கள் வாசலில் பெட்டியோடு நின்றவர். மேல்மாடிச் சின்ன அறையில் ஒரு வருடம் போல இருந்தார். பிறகு பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார். பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். கல்லாவுக்குப் போதுமான ஆங்கிலம் இருந்தது, அதற்கு மேல் ஒரு கடிதம் வந்தால் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். என் கணவர் கவுன்சில் அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்த்தவர், அதனால் அண்ணையின் கவுன்சில், டாக்டர், வங்கி எல்லாவற்றுக்கும் அவர்தான் வாய். மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தார் அண்ணை. அண்ணையின் மாமியார் படுக்கையில் கிடந்தபடியால் மனைவியால் அப்போது வர முடியவில்லை. மாமியார் கண்ணை மூடியபோது சண்டையால் பாதைகள் எல்லாம் மூடப்பட்டிருந்தன.

நான் ஊரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்தவள். லண்டனில் எனக்குக் கிடைத்தது சூப்பர் மார்க்கெட் கல்லா. அந்தக் கோபத்தையெல்லாம் வங்கிகள் மேல்தான் காட்டுவேன். மாதாமாதம் வரும் கணக்கு அறிக்கையைப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்ப்பேன். பழைய வங்கி ஒருமுறை சில பென்ஸ் குறைந்ததற்காக இருபது பவுண்ட் பிடித்துவிட்டது. நான் போய் அந்த மனேஜரை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டுக் கணக்கையே மூடிவிட்டு வந்தேன். அதனால்தான் புதுக் கணக்குத் திறக்க நேர்ந்தது, அன்றைக்கே அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனோம். "தங்கச்சியின்ரை பென்சிலுக்கு வங்கிக்காரனும் பயம்" என்று அண்ணை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். எனக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் கோயில் அப்போது ஒரு பழைய மண்டபத்தில் இருந்தது. கற்பூரம் கொளுத்தினால் தீ அபாய மணி அடித்துவிடும் என்று தட்டை வாசலுக்குக் கொண்டுபோய்க் கொளுத்துவார்கள். தேர் கார் பார்க்கைச் சுற்றி வரும். ஆனாலும் கோடையில் பத்து நாள் திருவிழா முறைப்படி நடக்கும். ஒவ்வொரு நாளின் செலவும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்குத்தான் மரியாதை. ஆண்பிள்ளையின் தலையில் ஐயர் பரிவட்டம் கட்டுவார், வெற்றிலை பாக்குப் பழத்தோடு முதல் காளாஞ்சி அவர்கள் கைக்கு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூசை தொடங்கும் முன் சங்கல்பத்தில் அவர்களுடைய பெயர்களையும் நட்சத்திரங்களையும் ஐயர் உரக்கச் சொல்லுவார்.

அதில் ஐந்தாம் நாள், ஐந்தாம் திருவிழா, அண்ணையுடையது. கோயில் தொடங்கிய வருடத்திலிருந்தே அப்படி. மற்ற நாட்களில் உபயகாரர் பிள்ளை குட்டி, மாமன் மச்சான் என்று ஒரு படையோடு நிற்பார்கள். அண்ணை பரிவட்டத்தோடு தனியாக நிற்பார். ஐயர் பெயரைக் கேட்டால் தன் பெயரைக்கூடச் சொல்லமாட்டார், மனைவியின் பெயரை மட்டும் சொல்லி, அனுஷ நட்சத்திரம் என்பார். ஒருமுறை நான் கேட்டதற்கு, அந்த ஒரு பெயருக்காகத்தான் முழு நாளையும் எடுக்கிறேன் என்றார். சாமியின் காதில் வருடத்துக்கு ஒருமுறையாவது தெளிவாக விழுந்தால் ஆள் வந்து சேரும் என்பது அவருடைய நம்பிக்கை. அதற்காக மாதச் சீட்டுக் கட்டி, சரியாகத் திருவிழாவுக்கு முன்னர் சீட்டை எடுப்பார். காசை வங்கியில் போடுவார், செக் எழுதிக் கோயில் பொருளாளரிடம் கொடுப்பார். செக் எழுதக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

எனக்கும் ஒரு நாள் வேண்டும் என்ற ஆசை இருந்தது. பக்தி என்று சொல்லத்தான் விருப்பம், ஆனால் பக்தி கால்வாசிதான். பொருளாளரின் மனைவி தங்கள் உபயத்தன்று புதுக் காஞ்சிபுரச் சேலையோடு முன்வரிசையில் நின்று, என்னைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி நின்றால் நல்லது என்று கையைக் காட்டிய வருடம் ஒன்று உண்டு. நான் தள்ளி நின்றேன். அந்தக் கை பல வருடங்கள் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. வீட்டுக் கடன், இரண்டு மகள்களின் செலவு, கனடாவிலிருந்த தம்பிக்கு அனுப்புவது எல்லாம் போக உபயத்துக்குக் காசு மிஞ்சியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. வேலை முடிந்து வரும் வழியில் வங்கி மெஷினில் காசு எடுத்தபோது மிகுதித் தொகையைப் பார்த்தேன். இருக்க வேண்டியதைவிட ஐந்நூறு பவுண்ட் கூடுதலாக இருந்தது. அந்தக் கணக்கில் ஒவ்வொரு பென்ஸும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இது எங்கிருந்தும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். ஓவர்டைம் காசோ என்று கேட்டேன். இல்லை என்றார். உடனேயே, "உது எங்கடை காசில்லை. நாளைக்குப் போய்ச் சொல்லும்" என்றும் சொன்னார். இவ்வளவுதான் விஷயம். வங்கி தவறிப்போய் உங்கள் கணக்கில் காசைப் போட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதில் படிப்பதற்கு ஒன்றுமில்லை. தொடாமல் வைத்துவிட்டு, போய்ச் சொல்ல வேண்டும். வங்கி நான் வேலைக்குப் போகும் வழியில்தான் இருந்தது.

ஆனால் எனக்கு அந்த இருபது பவுண்ட் ஞாபகம் வந்தது. வேறு வங்கி பிடித்த காசு அது. வங்கி என்றால் எனக்கு எல்லாம் ஒன்றுதான். "அவங்கடை பிழையை அவங்கள் கண்டுபிடிக்கட்டும். எனக்கு அதுக்குச் சம்பளம் தாறாங்களோ?" என்றேன். என்னோடு வாதாடி வென்ற பழக்கம் கணவருக்கு இல்லை. மறுநாள் வங்கிக் கதவைக் கடந்துதான் வேலைக்குப் போனேன், உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. பிள்ளையார் பார்த்துப் போட்டது என்று மகள்களிடம் பகிடியாகச் சொன்னேன். இரண்டொரு நாளில் பகிடி கழன்று போய்விட்டது, பிள்ளையார் போட்டது மட்டும் நின்றது.

அந்த வாரமே பொருளாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அண்ணையின் செக் திரும்பிவிட்டது என்றார். கணக்கில் காசில்லையாம். அந்த ஆள் பாவம், ஆனால் திருவிழாத் துண்டுப்பிரசுரம் நாளைக்கு அச்சுக்குப் போகிறது, ஐந்தாம் திருவிழாவுக்கு நேரே பெயர் போடாமல் விட முடியாது, நீங்கள் எடுக்கிறீர்களா என்று கேட்டார். பொருளாளர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது அதற்கு முன்பே கோயில் சமையலறை முழுவதும் போய்விட்டிருந்தது. கடவுளுக்குக் கொடுத்த செக்கே திரும்பி வந்துவிட்டது என்று பெண்கள் கதைத்துக்கொண்டு வெங்காயம் உரித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நான் கணவரைக் கேட்காமலே ஓம் என்றுவிட்டேன்.

அவர் வேலையால் வந்ததும் சொன்னேன். "அது அண்ணையின்ரை நாளல்லோ?" என்றார். யாரோ ஒருவர் எடுக்கத்தானே வேண்டும், நாங்கள் எடுத்தால் என்ன என்றேன். காசுக்கு எங்கே போவது என்று அவர் கேட்கவில்லை, அவருக்குத் தெரியும். வங்கி கேட்டால் ஓவர்டைம் செய்து நிரப்பிவிடலாம் என்று நானே சொன்னேன். செக்கை நானே எழுதி அவர் முன்னால் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், கவனிக்காத மாதிரிச் சட்டியைக் கழுவினேன்.

அதுவரைக்கும் இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை என்று நெடுங்காலம் எனக்குள் சொல்லிவந்திருக்கிறேன். ஒருவருடைய கணக்கில் காசு குறைகிறது, அதன் கூடப்பிறந்த கணக்கில் காசு கூடுகிறது. கணிதம் படிப்பித்த ஒருத்திக்கு இதைச் சேர்த்துப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்? என் மூளை அந்த இடத்துக்குப் போகும்போதெல்லாம் நான் எழுந்து ஏதாவது ஒரு வேலையைச் செய்யத் தொடங்கினேன். சேலைக்கு பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன். மகள்களுக்குப் பாவாடை எடுக்க சவுத்தால் கடைத்தெரு வரை போய் வந்தேன்.

செக்கைக் கொடுத்த மறுநாள் காலையில் அண்ணை வந்தார். ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார், உடுப்பில் பெற்றோல் மணந்தது. வழக்கமாகக் குசினிக்குள் வந்து உட்காருகிறவர் அன்று வாசலிலேயே நின்றார். வாங்கோ என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் வந்தார்.

"தங்கச்சி, நான் காசு கட்டினது உண்மை," என்றார். "சீட்டுக் காசு ஐந்நூறையும் வங்கியிலை இருந்த பெட்டையின்ரை கையிலை எண்ணிக் குடுத்தனான். இப்ப காசு இல்லையெண்டுறாங்கள். கோயிலிலை என்னைக் கள்ளனைப் பாக்கிற மாதிரிப் பாக்கினம்."

ஐந்நூறு. தேநீருக்குத் தண்ணீர் வைப்பதாகத் திரும்பி நின்றுகொண்டேன். இனி எழுந்து போய்ச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை, எழுந்துதான் நின்றேன். அந்தக் கணத்துக்குப் பிறகு தெரியாது என்ற சொல்லுக்கு என்னிடம் இடமில்லை.

கணவரை ஒருமுறை தன்னோடு வங்கிக்கு வரச் சொல்ல முடியுமா என்று அண்ணை கேட்டார். தனக்கு அவர்களோடு கதைக்க ஏலாது என்றார். இன்றைக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. வங்கியில் ஒரு பிள்ளை பொத்தானைத் தட்டுவாள், காசு எங்கள் கணக்கிலிருந்து எழுந்து போய்விடும், கோயிலுக்கு நாங்கள் கொடுத்த செக் திரும்பும். அதன்பின் வெங்காயம் உரிக்கிறவர்கள் என்னைப் பற்றிக் கதைப்பார்கள். துண்டுப்பிரசுரம் அச்சாகிவிட்டது. பிளவுஸ் தையலுக்குப் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், பிளவுஸும் என் நினைவுக்கு வந்தது.

"திருவிழா முடியட்டும் அண்ணை," என்றேன். "இப்ப இவருக்கு லீவு எடுக்க ஏலாது."

"ஓம், ஓம். அவசரமில்லை," என்றார் அவர்.

தேநீரைக் குடித்தார். ஐந்தாம் திருவிழாவை யாரோ எடுத்துவிட்டார்களாம் என்றார், யாரென்று தெரியாமல். நாங்கள்தான் என்று சொன்னேன். சொல்லாமல் விட வழியில்லை, பெயர் அச்சில் இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவருடைய முகம் தெளிந்தது.

"நல்லதாப் போச்சு. வேறை ஆக்களிட்டைப் போகாமல் உங்களிட்டை வந்துதே." பிறகு கொஞ்சம் தயங்கினார். "அப்ப சங்கல்பத்திலை அவவின்ரை பேரையும் ஒருக்காச் சொல்லுவியளோ, தங்கச்சி? அனுஷம்."

"உதென்ன கேள்வி அண்ணை? கட்டாயம் சொல்லுவன்."

இப்படிச் சொன்னது என் வாய்தான்.

ஐந்தாம் திருவிழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. மகள்கள் அழகாக இருந்தார்கள். கணவரின் தலையில் ஐயர் பரிவட்டம் கட்டியபோது அவர் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். பொருளாளரின் மனைவி என் சேலையைத் தொட்டுப் பார்த்து எங்கே எடுத்தது என்று கேட்டார். நான் எத்தனையோ வருடம் காத்திருந்த கேள்வி. பதில் சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. காசை எடுத்ததைவிட, எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டதுதான் பெரிய வெட்கம்.

அண்ணை சமையலறையில் இருந்தார். அன்னதானத்துக்குக் காலையிலேயே வந்து கத்தரிக்காய் வெட்டத் தொடங்கியவர். சங்கல்பத்துக்கு மணி அடித்ததும் சமையலறை வாசலுக்கு வந்து, ஈரக் கையை வேட்டித் தலைப்பில் துடைத்துவிட்டு, கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எனக்கு நேரே தெரிகிற இடம். பல வருடம் அந்த நாளில் முன்னால் நின்றவர்.

ஐயர் தட்டோடு எங்களிடம் வந்து பெயர், நட்சத்திரம் கேட்டார். நான்தான் சொன்னேன். கணவருடையது, என்னுடையது, மூத்தவள், இளையவள், கனடாத் தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை. ஐயர் ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிக்கொண்டு போனார். பிறகு, இன்னும் இருக்கிறதா என்று என்னைப் பார்த்தார்.

நான் மறக்கவில்லை. மறந்துபோனேன் என்று சொல்வதற்கு எவ்வளவோ முறை முயன்று பார்த்திருக்கிறேன், முடியவில்லை. அந்தப் பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால், இது யாருடைய காசு என்று நான் சாமிக்கு முன்னால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பட்டது. சொல்லாதவரைக்கும் அது வங்கியின் பிழை. சொன்னால் அது என் களவு. அவ்வளவுதான் ஐயா என்று தலையாட்டினேன். ஐயர் உள்ளே போய்விட்டார்.

அண்ணை கண்ணைத் திறக்கவில்லை. பூசை தொடங்கி, மேளம் எழும்பி, எல்லோரும் அரோகரா சொன்ன பிறகும் அவர் அப்படியே கைகூப்பிக் காத்துக்கொண்டு நின்றார். இன்னும் வரும் என்று நினைத்திருக்கிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது அவர் சமையலறைக்குள் போயிருந்தார். அன்றைக்குச் சாம்பார் மிக நன்றாக இருந்தது என்று எல்லோரும் எங்களிடம் வந்து சொன்னார்கள்.

திருவிழா முடிந்த வாரம் கணவர் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனார். எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. கல்லாவிலிருந்த பிள்ளை திரையைப் பார்த்தாள், காசு கட்டியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், பதிந்தவர் கடைசி இலக்கத்தில் பிழைவிட்டிருக்கிறார் என்றாள். பிறகு, காசு இன்னொருவரின் கணக்குக்குப் போயிருக்கிறது என்று சொல்லி, சொல்லக்கூடாத பெயரை அவசரத்தில் வாசித்துவிட்டாள். என் கணவரின் பெயர். அண்ணைக்கு ஆங்கிலம் போதாதுதான். ஆனால் அந்தப் பெயரை விளங்கிக்கொள்ள அவருக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

கணவர் அங்கேயே அவரிடம் சொல்லியிருக்கிறார்: எங்கடை கணக்கிலை போட்டிட்டாங்கள் அண்ணை, நாங்கள் கவனிக்கேல்லை. அதற்கு அண்ணை, உங்களுக்கு இருக்கிற வேலைக்குள் அதையெல்லாம் எப்படிக் கவனிப்பது என்றாராம். கணவர் கோட்டைக் கழற்றாமலே குசினியில் வந்து உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னார்.

"நீர் பென்சிலோடை பாக்கிறனீர் எண்டு அவருக்குத் தெரியும்," என்றார். வேறு ஒரு சொல்லாலும் என்னை ஏசவில்லை. அதன்பின் எங்கள் வீட்டில் அந்த விஷயம் பேசப்படவில்லை. அவர் ஓவர்டைம் செய்தார், கணக்கு நிரம்பியது. வங்கியிலிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துவதாக. என் வாழ்நாளில் ஒரு வங்கி என்னிடம் மன்னிப்புக் கேட்டது அந்த ஒருமுறைதான்.

நான் அண்ணையிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று பஸ் தரிப்பில் நின்று எத்தனையோ முறை வசனங்களை ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். அவர் வீட்டுக்கு வந்தால் பலகாரத் தட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஊர்ப் புதினம் கதைப்பேன். அவர் வருவதை நிறுத்தவில்லை. தங்கச்சி என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. என் பென்சிலைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டார். கோயிலில் பொருளாளரிடம் நான் போய், செக் திரும்பியது வங்கியின் பிழை என்று சொன்னேன். காசு எங்கே கிடந்தது என்று சொல்லவில்லை. அடுத்த வருடம் ஐந்தாம் திருவிழாவை நாங்கள் கேட்கவில்லை, அண்ணையும் கேட்கவில்லை. வேறு ஒரு குடும்பத்துக்குப் போனது, இன்றைக்கும் அவர்களுடையதுதான். காசை மனைவியை லண்டனுக்குக் கூப்பிடச் சேர்ப்பதாக அண்ணை பொருளாளரிடம் சொன்னாராம்.

சில வருடங்கள் கழித்து அவருடைய மனைவி வந்து சேர்ந்தார். கடற்படைச் சூட்டுக்குள் கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்து, கொழும்பில் பல மாதம் கிடந்து, நடுவில் எங்கெங்கோ நின்று வந்தவர். அண்ணை லண்டன் செவன் கிங்ஸில் ஒரு கடைக்கு மேல் இரண்டு அறை எடுத்திருந்தார். நாங்கள் வாழைப்பழமும் சேலையும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். புருஷன் பெண்சாதிக்குச் சொல்லாத விஷயம் உண்டா, எனக்கு நல்ல முகம் கிடைக்காது என்று தெரிந்துதான் போனேன். கிடைக்காவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன்.

அண்ணையின் மனைவியை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். அக்கா கதவைத் திறந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மெலிந்த, காய்ந்த கைகள். விடவே இல்லை. அப்படியே என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலில் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். கணவரும் அண்ணையும் எதிரே கதிரைகளில் இருந்தார்கள்.

"இவர் எல்லாம் எழுதினவர் தங்கச்சி," என்றார். "அந்த வருஷம் இவருக்குக் காசு தடைப்பட்டுப் போச்சாம். நீங்கள்தான் அந்த நாளை எடுத்து, முதல் பேரா என்ரை பேரைச் சொல்லிச் செய்விச்சனீங்களாம். கிளாலியிலை வள்ளத்திலை ஏறேக்கை எல்லாரும் நடுங்கிச்சினம். நான் நடுங்கேல்லை. லண்டனிலை ஒரு பிள்ளை எனக்காகச் சாமியிட்டைச் சொல்லியிருக்கு எண்ட தைரியத்திலைதான் ஏறினனான்."

நான் அண்ணையைப் பார்த்தேன். சமையலறை வாசலில் கைகூப்பிக் கடைசிவரை காத்து நின்ற மனிதர். அவருக்குத் தெரியும், அந்தப் பெயர் வரவில்லை என்று. அதைப் போய் மனைவிக்கு எழுத மனம் வராமல், வந்ததாக எழுதியிருக்கிறார். எழுதும்போது எனக்கும் அதில் ஓர் இடம் கொடுத்திருக்கிறார். அவர் என்னைப் பார்க்கவில்லை. தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார்.

இல்லை அக்கா என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னால் என் நெஞ்சு ஆறியிருக்கும், அந்தப் பெண் ஏறி வந்த வள்ளம்தான் கவிழ்ந்திருக்கும். அதையும் என் வசதிக்காகத்தான் இப்படி யோசித்தேனா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

"என்ரை நட்சத்திரம்கூட உங்களுக்கு ஞாபகமிருக்குதோ?" என்று அக்கா சிரித்துக்கொண்டு கேட்டார்.

"அனுஷம்," என்றேன்.

அவர் என் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணை எழுந்து, தேநீர் ஆறிவிட்டது என்று சொல்லி, என் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.